கேட்கிறவர்களின் கரை

ஜூலை 21, ஓரியூர்

மதுரையிலிருந்து கிளம்பி திருவாடானையில் பஸ் மாறி ஓரியூர் வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. வழியெல்லாம் சீமைக் கருவேலம். கண்மாய்கள் காய்ந்து கிடக்கின்றன. அருளானந்தர் கோயிலின் பெரிய முகப்பு தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் தனியாகக் கிளம்பும் பயணம் இது. தங்கச்சிமடத்தில் என் தோழி இருக்கிறாள். சந்தியாகப்பர் (இயேசுவின் சீடர் யாக்கோபு) திருவிழாவுக்கு வா என்று வருடா வருடம் கூப்பிடுவாள். இந்த முறை சரி என்று சொல்லிவிட்டேன். போகிற வழியில் ஓரியூரில் இறங்கி, கடலை ஒட்டியே மெதுவாகப் போகலாம் என்று எண்ணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அம்மா இறந்த பிறகு நான் கடவுளிடம் எதையும் கேட்பதில்லை. பூசைக்குப் போகிறேன். ஜெபமாலை சொல்கிறேன். நன்றி சொல்கிறேன், புகழ்கிறேன், எல்லாம் உண்மையாகத்தான். ஆனால் ‘இதைத் தாரும்’ என்று சொல்ல வேண்டிய இடம் வந்தால் வாய் அடைத்துக்கொள்கிறது. சிறுநீரகம் பழுதாகி அம்மா படுத்துக் கிடந்த மாதங்களில் நான் கேட்ட கேட்புக்கு அளவில்லை. நவநாள், ஒருசந்தி, வேளாங்கண்ணிக்கு நடை, எல்லாம் செய்தேன். அம்மா போய்விட்டார். அதற்கப்புறம் கலந்துகொண்ட தியானங்களில், கேட்பது ஜெபத்தின் அரிச்சுவடி, முதிர்ந்தவர்கள் மௌனமாக இறைவன் முன்னால் அமர்ந்திருப்பார்கள் என்று சொல்லக் கேட்டேன். அது எனக்கு ஆறுதலாகவும் வசதியாகவும் இருந்தது. அந்த வசதி இப்போது கொஞ்ச நாளாக உறுத்துகிறது.

ஓரியூரின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். போர்ச்சுக்கலின் லிஸ்பன் நகரில் 1647-இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவு சபையின் குருவாகி மதுரை மிஷனுக்கு வந்து, காவியுடை உடுத்தி, புலால் மறுத்து, அருளானந்தர் என்ற பெயரோடு இந்த மறவர் சீமையில் நடந்தவர். 1686-இல் இங்கே பிடிபட்டுக் கடுமையான சித்திரவதைகளை அனுபவித்தார். விடுதலையாகி ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கேயே இருந்துவிடும்படி அரசர் வற்புறுத்தியும் 1690-இல் திரும்பி வந்துவிட்டார். இந்தச் சீமையை ஆண்ட சேதுபதி மரபைச் சேர்ந்த தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியோடு மட்டும் வாழ்வேன் என்று மற்றவர்களை விலக்கிவைத்தார். அப்படி விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி அப்போதைய அரசர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவள் கண்ணீரோடு போய் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன் அன்று பாம்பாற்றங்கரையில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1947-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அந்த இடத்து மண் சிவப்பாக இருக்கிறது. அவருடைய ரத்தத்தால் சிவந்தது என்று மக்கள் நம்புகிறார்கள். விலக்கப்பட்ட அந்தப் பெண்ணின் பக்கத்தையும் நினைக்காமல் என்னால் இந்தக் கதையைச் சொல்ல முடிவதில்லை. ஒரு நாள் காலையில் தன் வீடு தன்னுடையது இல்லை என்று கேள்விப்பட்டவள் அவள்.

இன்று அந்த மண்ணில் நின்றபோது மனம் போனது வேறொரு பெண்ணிடம். பிரிட்டோவுக்குப் பதினோரு வயதில் பிழைக்க மாட்டான் என்கிற அளவுக்கு நோய் வந்தது. அவருடைய தாய் இயேசு சபைப் புனிதரான பிரான்சிஸ் சவேரியாரை வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் ஒரு வருடம் இயேசு சபை அங்கியை உடுத்திவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்த பையன் ஒரு வருடம் அந்தச் சின்ன அங்கியோடு அலைந்தான். அங்கி அவனை விடவில்லை. வளர்ந்ததும் அதே சபையில் சேர்ந்து, இந்தியாவுக்குப் போகிறேன் என்று நின்றான். கணவரை இழந்த தாய் தடுத்துப் பார்த்தார். பாப்பரசரின் தூதுவர் வரைக்கும் போய் முறையிட்டார். பலிக்கவில்லை. மகன் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது துக்க உடையைத் தவிர்த்து, திருவிழா உடையில் அரசவைக்குப் போனார் என்று வரலாறு சொல்கிறது.

அந்தத் தாய் கேட்டது ஒரு பிள்ளையின் உயிர். கிடைத்தது. கிடைத்த உயிர் இந்தச் செம்மண் வரைக்கும் நடந்து வந்தது. அவருடைய நேர்ச்சையை அரிச்சுவடி என்று யாராவது சொன்னால் நான் இனி ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மரத்தடியில் ஒரு குடும்பம் நேர்ச்சை ஆட்டை அறுத்துச் சமைத்துக்கொண்டிருந்தது. மொட்டை போட்ட குழந்தையின் தலையில் சந்தனம். இளம்பெண் ஒருத்தி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டாள். பிறகு, “கல்யாணமாகி ஏழு வருசம்மா. கேட்டுப் பாப்போமேன்னு வந்தேன்” என்றாள். அவளுக்காக நான் வேண்டிக்கொள்வதாகச் சொல்ல நினைத்தேன். வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜூலை 22, நம்புதாளை, காரங்காடு

காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தொண்டி வந்தேன். அங்கே ஒரு டீ. பக்கத்திலேயே நம்புதாளை.

நம்புதாளையை நான் பார்க்க விரும்பியது கச்சத்தீவுக்காக. அந்தத் தீவில் இருக்கும் அந்தோணியார் கோயிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியவர் இந்த ஊர் சீனிக்குப்பன் படையாட்சி. குடிதண்ணீர் இல்லாத, ஆள் குடியில்லாத தீவு. அங்கே எதற்குக் கோயில்? கடலுக்குப் போகிறவன் நடுக்கடலில் நின்று கும்பிட. 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கையின் பக்கம் போனது. ஆனாலும் திருவிழாவுக்குப் போகும் உரிமை அதில் எழுதப்பட்டது. போர் நடந்த வருடங்களில் நின்றுபோன கூட்டம் பிறகு மறுபடி தொடங்கியது. இப்போதும் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தபசு காலத்தையொட்டி ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் போகின்றன. இரு கரைத் தமிழரும் ஒன்றாகச் சிலுவைப்பாதை செய்து, மறுநாள் பூசை கண்டு திரும்புகிறார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சின்ன வயதில் அப்பாவோடு போயிருக்கிறாராம். “அங்கன போயி என்ன வேண்டுவீங்கய்யா?” என்றேன். “போன மாதிரியே திரும்பி வரணும்னு. வேற என்ன?” என்றார்.

மதியத்துக்கு மேல் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகில் கூட்டிப்போகிறார்கள். ஊர்ப் பெண்கள் மீனும் நண்டும் சமைத்துப் பரிமாறுகிறார்கள். சாப்பாடு அருமை. காட்டை நன்றாகப் பார்த்தேன். ஆனால் அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். செங்கோல் மாதா கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஒரு சிறுவன் உள்ளே ஓடி வந்தான். முழங்காலில் ஒரு நொடி, சிலுவை அடையாளம், ஏதோ முணுமுணுப்பு. வந்த வேகத்தில் வெளியே ஓடினான். அவன் கையில் கிரிக்கெட் பந்து. என்ன கேட்டிருப்பான் என்பதில் சந்தேகமே இல்லை. நாமும் அந்த வயதில் அப்படித்தானே ஓடினோம்.

இரவு ராமநாதபுரத்தில் தங்கல்.

ஜூலை 23, வேதாளை, பாம்பன்

மண்டபத்துக்குச் சற்று முன்னால் வேதாளை. இன்று அது பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் ஊர். இந்த ஊரில்தான் 1549-இல் அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலியக் குரு கொல்லப்பட்டார். இயேசு சபையில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த முதல் மறைசாட்சி அவர். பிரான்சிஸ் சவேரியார் இந்த முத்துக்குளித்துறைக்கு அவரைத்தான் பொறுப்பாளராக வைத்துவிட்டுப் போயிருந்தார். வயது முப்பது கூட ஆகவில்லை.

அவர் சாவுக்குக் காரணமான சண்டையையும் சொல்ல வேண்டும். இங்கே கோட்டை வைத்திருந்த போர்ச்சுக்கீசியத் தளபதி, ராமேஸ்வரம் போகிற பக்தர்களை அகழி வெட்டி மறித்து வரி வாங்கினான். அதைப் பொறுக்காமல்தான் விஜயநகரப் படை வந்தது. இந்து பக்தர்களின் வழியை மறித்துக் காசு பார்த்தவன் ஒருவன். அதற்கு உயிரைக் கொடுத்தவர் இன்னொருவர். நம் கோயில்களில் மறைசாட்சியின் வரலாறு வாசிக்கும்போது முன்பாதியை விட்டுவிடுகிறோம். விடக் கூடாது என்று நினைக்கிறேன். படை வந்த அன்று கிரிமினாலி தப்பியிருக்கலாம், கடலில் படகுகள் நின்றன. பெண்களையும் குழந்தைகளையும் அவற்றில் ஏற்றிவிட்டுக் கரையிலேயே நின்றார். முழந்தாளிட்டிருந்தவரை ஈட்டியால் குத்தினார்கள். பிறகு தலையைத் துண்டித்தார்கள். ஓரியூருக்கு ஏறத்தாழ நூற்றைம்பது வருடம் முன்பு நடந்தது.

அங்கே அவருக்காக ஒரு ‘பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே’ சொன்னேன். சவேரியார் 1542-இல் இந்தக் கடற்கரைக்கு வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, இரு மொழியும் அறிந்த ஆட்களைத் தேடிப் பிடித்து இந்த ஜெபங்களைத் தமிழில் ஆக்கியது. மணியடித்துத் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். நோயாளி இருக்கும் வீடுகளுக்கு அந்தப் பிள்ளைகளையே ஜெபம் சொல்ல அனுப்பினார். இதை யோசித்துப் பார்த்தேன். படித்த குரு தான் போகாமல், போக முடியாமல், பத்து வயதுப் பிள்ளையை அனுப்பிக் கேட்கச் சொல்கிறார். அந்த ஜெபத்தில் என்ன இருக்கிறது? முதலில் அவர் நாமம், அவர் அரசு, அவர் சித்தம். அப்புறம் முழுக்கக் கேட்பதுதான். அன்றன்றுள்ள அப்பத்தைத் தாரும், பாவங்களைப் பொறுத்தருளும், சோதனையில் விழவிடாதேயும், தீமையிலிருந்து இரட்சியும். இயேசுவே கற்றுக்கொடுத்த ஜெபத்தில் பாதி விண்ணப்பம். இத்தனை வருடம் தினமும் வாயால் கேட்டுக்கொண்டே, நான் எதையும் கேட்பதில்லை என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மண்டபத்தைத் தாண்டிப் பாலத்தில் பஸ் ஏறியபோது காற்று ஜன்னலை அறைந்தது. ஜூலையில் தெற்கேயிருந்து வரும் காற்று இங்கே பலமாக இருக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளித்தபடி இருக்கும். பாலத்துக்கு வலப்பக்கம் நுரை, இடப்பக்கம் பாக் நீரிணை கொஞ்சம் அடங்கி இருந்தது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பஸ்ஸில் இருந்த எல்லோரும் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள்.

பாம்பனில் இறங்கிச் சின்னப்பாலம் வரைக்கும் நடந்தேன். காற்று கூடியதால் கடல்பாசி எடுக்கும் பெண்கள் இன்று கடலுக்குப் போகவில்லை. எடுத்து வைத்திருந்ததை மணலில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். இது லேசான வேலை இல்லை. தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில், மூச்சை அடக்கி முங்கி, கையால் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் போட வேண்டும். விரல்களைப் பாறை கிழிக்காமல் இருக்கத் துணி சுற்றிக்கொள்கிறார்கள். அந்தத் தீவுகள் எல்லாம் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் போய் வருவதிலும் ஆயிரம் கெடுபிடி. கடலும் தேற வேண்டும் என்று, மாதத்தில் சில நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

ஒரு அக்கா கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்தார். நான் டீச்சர் என்று தெரிந்ததும் உட்காரச் சாக்கு விரித்தார்.

“முங்குறதுக்கு முன்னாடி ஜெபம் சொல்வீங்களாக்கா?”

“சொல்லாம? தண்ணிக்குள்ள எறங்கும்போது சிலுவ போட்டுக்குவேன். இவ,” பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார், “அவ குலசாமியக் கும்புட்டு எறங்குவா. ஒரே வள்ளந்தான் டீச்சர்.”

“என்ன கேப்பீங்க?”

“என்னத்தக் கேக்கலன்னு கேளுங்க. மூச்சு தாங்கணும். பாசி கெடைக்கணும். மூத்தவளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். இந்த மனுசன் குடிய விடணும். எல்லாத்தையுந்தான்.”

“எல்லாம் கெடைச்சுதா?”

அவர் யோசித்தார். “மூச்சு தாங்கிருக்கு. பாசியும் தட்டுப்படும். ஃபீஸு பாதி கட்டியாச்சு. அந்த மனுசன் இன்னும் விடல.” பாசியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, “கேக்காம வேற எப்புடி அவருகூடப் பேசுறது? நமக்குத் தெரிஞ்ச பேச்சு அதானே” என்றார்.

நானும் கொஞ்ச நேரம் அவரோடு சேர்ந்து பாசியைப் புரட்டினேன். கையில் உப்பும் மணலும் அப்பியது. கிளம்பும்போது, “எனக்காக வேண்டிக்கங்க டீச்சர், நீங்க படிச்சவங்க” என்றார். எனக்குத் தெரிந்த ஜெபங்கள் அவருக்குத் தெரிந்ததைவிட அதிகமாக இருக்கலாம். ஆனால் தண்ணீருக்கடியில் ஒரு மூச்சு நேரத்துக்குள் சொல்லி முடிக்கும் ஜெபம் எனக்குத் தெரியாது.

ஜூலை 24, தங்கச்சிமடம், தனுஷ்கோடி

தோழி வீட்டில் ஐந்து மணிக்கே விளக்கு எரிந்துவிடுகிறது. அவளுடைய மாமியாருக்கு எண்பது வயதுக்கு மேல். எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. சூடை மீனைச் செதில் உரசிக்கொண்டே ஜெபமாலை சொல்கிறார். மணியை உருட்டக் கை காலியாக இருக்காதே, எப்படி எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். பத்து மீனுக்கு ஒரு பரலோக மந்திரம் என்றார். வீட்டைச் சுற்றி மல்லிகை நாற்றுப் பாத்திகள். தங்கச்சிமடத்து நாற்று வெளி மாநிலங்களுக்கெல்லாம் போகிறது.

இந்த வீட்டின் ஜெபத்தில் ஒரு விண்ணப்பம் வருடக்கணக்காக இருக்கிறது. பெரியம்மாவின் இளைய மகனை கடல் எல்லை தாண்டினதாகச் சொல்லி அந்தப் பக்கம், இலங்கையில், பிடித்து வைத்திருந்தார்கள். தினமும் மாலை ஏழு மணிக்கு வீடே முழந்தாளிட்டு அவன் பெயரைச் சொன்னது. ஆள் திரும்பி வந்துவிட்டான். படகு வரவில்லை. கடன் அப்படியே நிற்கிறது. “ஆளுக்காக நன்றியும் சொல்றோம், படகுக்காகக் கேக்கவும் செய்றோம், ரெண்டும் ஒரே ஜெபத்துல” என்றாள் தோழி. பெரியம்மா அதைத் திருத்தினார்: “மொத ஆளுக்கு நன்றி. அப்புறந்தான் படகு.” இந்த வரிசை அவருக்கு முக்கியம்.

மதியம் தோழியோடு தனுஷ்கோடி போனேன். காற்று மணலை ரோட்டின் குறுக்கே இழுத்துப் போட்டிருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் இந்த ஊரை எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் அதிலிருந்த அத்தனை பேரையும் சேர்த்து. தேவாலயத்தின் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. முருகைக்கல் சுவர், கூரை இல்லை, பீடம் இருந்த இடத்தில் வெளிச்சம் விழுகிறது. வாசலில் சங்கு, பாசிமணி விற்கிறார்கள். போட்டோ எடுக்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

கிறிஸ்து பிறப்புக்கு மூன்றே நாள். இந்தச் சுவர்களுக்குள் அப்போது திருவருகைக் கால ஜெபம் நடந்திருக்கும். ‘ஆண்டவரே வாரும்’ என்று கேட்டிருப்பார்கள். அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை. இதற்கு ஒரு விளக்கம் சொல்லி முடிப்பவர்களை நான் நம்புவதில்லை. கடவுள் சோதித்தார் என்பது, பாவத்துக்குத் தண்டனை என்பது, எல்லாம் செத்தவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. தோழி அந்த இடத்தில் ‘நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்குத் தந்தருளும் ஆண்டவரே’ என்று தொடங்கினாள். நானும் சேர்ந்து சொன்னேன். இறந்தவர்களுக்காகச் சொல்வதும் கேட்பதுதான்.

திரும்பி வந்து பெரியம்மாவிடம் சொன்னேன். புயல் அன்று அவர் குமரிப்பெண். கூரை பறந்து, இருட்டில் அம்மாவும் தம்பிகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு விடியும் வரைக்கும் மாதா பிரார்த்தனை சொன்னார்களாம். “அந்த வருசம் ஊர்ல குடில் கட்டல. நடுச்சாமப் பூசைக்குப் போனோம். பூசையில பாதிப் பேரு அழுதாங்க. ஆனா போனோம்.”

ராத்திரி தங்கச்சிமடத்தை ஒட்டிய வேர்க்காட்டில் சந்தியாகப்பர் தேர்பவனி. தீவு முழுக்க அங்கே வந்துவிட்டது என்று சொல்லலாம். விளக்கு அலங்காரம், வாணவேடிக்கை, வளையல் கடை, மிட்டாய்க் கடை. இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் மெழுகுவர்த்தியோடு நிற்கிறார்கள். நூற்றாண்டுகளாக இப்படித்தான் என்கிறார்கள். தேர் நெருங்கும்போது சத்தம் அடங்கி, ஒவ்வொருவர் உதடும் அசைகிறது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் உதடு அசையவில்லை. ஆனால் கூட்டத்தில் நெருக்கியடித்து நின்றபோது அந்த ஓரியூர்ப் பெண்ணுடைய முகம் வந்தது. ஏழு வருடம் என்றாளே. அவளுக்காக ஒரு வார்த்தை சொன்னேன். அது தானாக வந்தது.

ஜூலை 25, வேர்க்காடு

தூங்க முடியவில்லை. விடியும் முன்பே எழுந்து பைபிளில் அப்போஸ்தலர் பணி பன்னிரண்டாம் அதிகாரத்தை வாசித்தேன். சந்தியாகப்பரின் சாவு அங்கே ஒரே ஒரு வாக்கியம். ஏரோது, யோவானின் சகோதரனான யாக்கோபை வாளால் கொன்றான், அவ்வளவுதான். அடுத்த மூச்சில் பேதுரு பிடிபடுகிறார். அவருக்காகத் திருச்சபை விடாமல் ஜெபிக்கிறது, தூதர் வந்து சங்கிலியை அவிழ்த்துக் கூட்டிப்போகிறார். பல தடவை வாசித்த அதிகாரம். அப்போதெல்லாம் பேதுருவின் விடுதலை மட்டும்தான் கண்ணில் படும். இன்று யாக்கோபிடம் நின்றுவிட்டேன். அவருக்காக யாரும் ஜெபிக்கவில்லையா? ஜெபிக்காமல் இருந்திருப்பார்களா? யாக்கோபு, இயேசு உயர்ந்த மலைக்குக் கூட்டிப்போன மூவரில் ஒருவர். அவரை இழந்த அதே கூட்டம், அந்தத் துக்கம் ஆறும் முன்பே, மாற்கின் தாய் மரியாவின் வீட்டில் மறுபடி கூடி, பேதுருவை விடுவியும் என்று கேட்கிறது. போன தடவை கிடைக்கவில்லையே என்று யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை. பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார் என்று வேலைக்காரப் பெண் ரோதை ஓடி வந்து சொன்னபோது நம்பவும் இல்லை. கிடைக்கும் என்ற நம்பிக்கை கூட அரைகுறையாக இருந்தும் கேட்டிருக்கிறார்கள்.

யாக்கோபுக்கும் பேதுருவுக்கும் ஏன் அந்த வித்தியாசம் என்று அந்த நூலை எழுதிய லூக்கா எழுதவில்லை. அம்மாவைப் பற்றி எனக்கு இருக்கும் கேள்விக்கும் அங்கே பதில் இல்லை. ஆனால் அந்த வீட்டில் கூடியவர்களோடு நானும் போய் உட்காரலாம் என்று தோன்றியது.

காலையில் திருவிழாப் பூசை. கடற்காற்றில் பந்தல் துணி படபடத்ததில் மைக் பாதி கேட்கவில்லை. இன்றைய நற்செய்தி மத்தேயு இருபதாம் அதிகாரம். செபதேயுவின் மனைவி, மீன்பிடிக்கிறவன் மனைவி, இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வந்து இயேசுவை வணங்கி நிற்கிறாள். என்ன வேண்டும் என்று அவரே கேட்கிறார். ஒருவனை வலப்பக்கம், இன்னொருவனை இடப்பக்கம் உட்கார வையும் என்கிறாள். நீங்கள் கேட்பது என்னவென்று உங்களுக்குத் தெரியவில்லை என்று பதில் வருகிறது. பாதர், பதவி ஆசை கூடாது, பணிவிடையே பெரிது என்று பிரசங்கம் வைத்தார். அது சரியான பிரசங்கம்தான், இயேசு சொன்னதும் அதுவே. ஆனாலும் என் மனம் அந்தத் தாயிடமே இருந்தது. அவள் தப்பாகக் கேட்டாள். அவர் அவளைத் துரத்தவில்லை. அதே மத்தேயு பின்னால் எழுதுகிறார், இயேசு சிலுவையில் தொங்கியபோது தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் செபதேயுவின் மக்களுடைய தாயும் ஒருத்தி. சீடர்கள் ஓடிப்போன பிறகும் அவள் அங்கே நின்றாள். வலப்பக்கமும் இடப்பக்கமும் யார் இருந்தார்கள் என்று அவள் கண்ணால் பார்த்தாள். கேட்டது மறுக்கப்பட்ட பிறகும் அவரை விட்டுப் போகாதவள்.

விசுவாசிகள் மன்றாட்டு வந்தது. மழைக்காக, கடலில் இருப்பவர்களுக்காக, சிறையில் இருக்கும் மீனவர்களுக்காக. ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று கூட்டம் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். பிறகு, உங்கள் சொந்தத் தேவைகளை அமைதியில் சொல்லுங்கள் என்றார்கள்.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். அம்மாவின் வைத்தியச் செலவில் தொடங்கி, வீட்டுப் பாகப் பிரிவினையில் முற்றி, இப்போது நாங்கள் பேசுவதில்லை. அம்மாவின் வருட நினைவுப் பூசைக்குத் தனித்தனி ஊரில் காணிக்கை கொடுக்கிறோம். அவன் பேச வேண்டும் என்று கேட்டேன். எப்படி, எப்போது என்று சொல்லவில்லை. என்னுடைய வாயால், என்னுடைய சொல்லில், அம்மாவுக்கு அப்புறம் எனக்கென்று கேட்டது இதுதான். அதற்குள் பாடல் தொடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் சமையல் மும்முரம். பக்கத்துத் தெரு முஸ்லிம் வீட்டுக்குத் தூக்குவாளியில் முதலில் அனுப்பினார்கள். ரம்ஜானுக்கு அங்கிருந்து கஞ்சி வருமாம். நான் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

“பூசையில அழுதியளே டீச்சர், என்ன கேட்டிய?” என்றார்.

சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை.

அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. “படகோட சேத்து ராத்திரி அதையும் சொல்லுவோம். தம்பி பேரு என்னா? பேரச் சொல்லித்தான் கேக்கணும்” என்றார்.

பெயரைச் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மருமகளைக் கூப்பிட்டு, அவளுக்கும் சொல்லி வைத்தார்.